முப்பதே நாளில் முறிந்துபோவது எப்படி?

உட்காராதீர்கள். நின்றுகொண்டே படியுங்கள், முடிந்தால் குதிகாலையும் தூக்கிக்கொள்ளுங்கள். இந்த வகுப்பில் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது.

பாதி வேலையை நீங்களே முடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், பாராட்டுகள். பதினோரு மாதமாகக் கட்டைவிரலைத் தவிர எதையும் அசைக்கவில்லை. முக்குக்கடைக்குப் பால் வாங்கக்கூட வண்டியில்தான் போனீர்கள். இப்போது திடீரென்று ஒரு காரணம் வந்திருக்கிறது. காவலர் தேர்வுக்கு அறிவிப்பு வந்துவிட்டது. அல்லது சர்க்கரை எகிறிவிட்டதாக லேப் சீட்டு சொல்கிறது. அல்லது மச்சினி கல்யாணத்தில் போட்டோ எடுப்பார்கள். கையில் இருப்பது முப்பது நாள். முறையாகச் செய்தால் உடம்பைக் கெடுக்க அது தாராளம்.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களைக் குழப்புவதற்கென்றே சிலர் வருவார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தது. அதெல்லாம் ஆயுசு வேண்டும் என்பவர்களுக்கு. நமக்கு வேண்டியது ரிசல்ட்டு.

1. முதல் நாளே உச்சத்தில் தொடங்குங்கள்

இடம் உங்கள் இஷ்டம். நம்ம மதுரையில் ரேஸ்கோர்ஸ் மைதானம் இருக்கிறது, கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரம் இருக்கிறது. என் சிபாரிசு வண்டியூர் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. வெளியே ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், கணக்குச் சுலபம். சுற்றிலும் வேடிக்கை பார்க்க ஆள் இருப்பதால் பாதியில் நிறுத்தவும் மானம் இடம் கொடுக்காது.

அங்கே வருடக்கணக்காக ஓடுகிற ஒரு தம்பி இருப்பான். ஒல்லி உடம்பு, சாயம் போன பனியன். அவனைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் பத்துச் சுற்று என்றால் உங்களுக்கும் பத்து. “அண்ணே, மொத நாளு ரெண்டு சுத்து போதும்ணே, மிச்சத்த நடங்க” என்பான். பொறாமையில் சொல்கிறான்.

பலன் மறுநாளே தெரியும். பழக்கமில்லாத தசையை ஒரேயடியாகப் பிழிந்தால் அதன் நார்கள் உடைந்து உள்ளே இருக்கிற மயோகுளோபின் ரத்தத்தில் இறங்கும். அதை வடிகட்டுகிற பாடு சிறுநீரகத்தின் தலையில். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் முதல் பாடத்தில் தேறிவிட்டீர்கள். விவரமானவன் அந்த நிமிடமே ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போவான். நீங்கள் “உடம்புச் சூடு” என்று சொல்லித் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு சாயங்கால ஓட்டத்துக்குக் கிளம்புங்கள்.

2. வெயிலைத் துணைக்குக் கூப்பிடுங்கள்

மதுரையில் பிறந்த பாக்கியத்தை வீணாக்கலாமா? சித்திரையிலும் வைகாசியிலும் 40 டிகிரியைத் தாண்டும் வெயில் இங்கே இலவசம். விடியற்காலையை வாக்கிங் தாத்தாக்களுக்கு விட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல் நாலுவழிச் சாலை ஓரமாக ஓடுங்கள். ஜெர்க்கினைப் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுங்கள். ஒழுகுவது கொழுப்பு என்று நம்புங்கள். ஒழுகுவது தண்ணீரும் உப்பும்தான். எடை மெஷின் உங்கள் நம்பிக்கையைச் சாயங்காலம்வரை காப்பாற்றும்.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஓடுகிற காலுக்கும் வியர்க்கிற தோலுக்கும் ரத்தம் வேண்டும். உடம்பு அதைக் குடலிலிருந்து எடுக்கிறது. கடும் பயிற்சியின்போது குடலுக்குப் போகிற ரத்தம் ஐந்தில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கிவிடும். குடலின் உட்சுவர் ஒரே ஒரு வரிசை செல்களால் ஆனது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கிற பிணைப்பு ரத்தமும் குளிர்ச்சியும் குறைந்தால் தளர்கிறது. அந்த இடுக்கு வழியாகக் குடல் பாக்டீரியாவின் மேலோட்டு நச்சு ரத்தத்துக்குள் கசிகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் அதைப் படையெடுப்பு என்று எடுத்துக்கொண்டு சண்டையைத் தொடங்குகின்றன. வெயிலில் ஓடியவனுக்குக் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, அவசரமாகப் பேதி என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கசிவு முற்றினால் வெப்பத்தாக்கில் ஆளையே சாய்த்துவிடும்.

எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்பீர்கள். உங்கள் முழுத் திறனில் அறுபது சதவீத வேகத்தில் இரண்டு மணி நேரத்தைத் தொட்டால் குடல் காயம் ஆள் வித்தியாசம் இல்லாமல் தலைகாட்டத் தொடங்குகிறது என்று 2017-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். அதே ஆண்டு இன்னொரு கணக்கும் வந்தது. நார்வே ராணுவத்தில் 73 பேரை நான்கு நாளில் 51 கிலோமீட்டர் பனிச்சறுக்கில் நடக்கவிட்டார்கள். குடல் கசிவு சராசரியாக அறுபது சதவீதம் ஏறியது, குடல் பாக்டீரியாக் கூட்டமும் மாறிப்போனது. பனியிலேயே இந்தச் சாதனை என்றால் திருமங்கலம் ரோட்டில் நீங்கள் எங்கேயோ போய்விடுவீர்கள்.

3. வலிக்குமுன் மாத்திரை

கிரவுண்டுக்குப் போகிற வழியில் மெடிக்கலில் நிறுத்துங்கள். “அண்ணே, மேல் வலிக்கு ரெண்டு குடுங்க” என்றால் போதும், சீட்டு கேட்க மாட்டார். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எது கிடைத்தாலும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஓடுங்கள்.

கலிஃபோர்னியாவில் நூறு மைல் மலை ஓட்டம் ஒன்று நடக்கிறது, வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்று பெயர். அதில் ஐபுப்ரோஃபென் விழுங்கி ஓடியவர்களை டேவிட் நீமன் என்ற ஆய்வாளர் மாத்திரை தொடாதவர்களோடு வைத்துப் பார்த்தார். 2006-இல் வெளியான முடிவு: மாத்திரை போட்டவர்கள் ரத்தத்தில் குடல் நச்சு அதிகம், அழற்சியும் அதிகம். உடம்பு வலியாவது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. குடல் சுவருக்குக் காவலாக இருக்கிற சுரப்பை இந்த மாத்திரைகள் குறைத்துவிடும். ரத்தம் வற்றிய நேரத்தில் காவலும் போகும். இரண்டாம் படியோடு இதைச் சேர்த்துச் செய்தால் பலன் கூடும், சிறுநீரகமும் ஒத்துழைக்கும்.

4. நோய் எதிர்ப்பு: இங்கே கொஞ்சம் மெனக்கெட வேண்டும்

இந்தப் படியில் எனக்கே ஒரு தயக்கம் உண்டு, மறைக்க மாட்டேன்.

பழைய கதை நமக்குச் சாதகமாகத்தான் இருந்தது. 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானை ஓடி முடித்தவர்களில் 12.9 சதவீதம் பேருக்கு அடுத்த வாரம் சளி, காய்ச்சல், தொண்டைக்கட்டு. பயிற்சி எடுத்தும் அன்று ஓடாமல் விட்டவர்களில் 2.2 சதவீதம்தான். இதையும் கண்டவர் அதே நீமன்தான். கடும் ஓட்டத்துக்குப் பிறகு சில மணி நேரம் ரத்தத்தில் லிம்போசைட்டுகள் குறைகின்றன, எச்சிலில் இருக்கிற ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருளும் குறைகிறது. ஆகக் கிருமிக்கு ஜன்னல் திறந்துவிடுகிறது என்று முப்பது வருடம் பாடம் நடந்தது.

2018-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் கேம்ப்பெல், டர்னர் என்ற இருவர் வந்து அதைக் கலைத்துப்போட்டார்கள். ரத்தத்தில் காணாமல் போன செல்கள் சாகவில்லை, நுரையீரலுக்கும் குடலுக்கும் ரோந்து போயிருக்கின்றன என்றார்கள். மாரத்தான்காரர்கள் சொன்ன சளியும் அவர்கள் வாயால் சொன்னது, கிருமி பரிசோதனை செய்து பார்த்ததில்லை. ஒவ்வாமையாகவும் இருக்கலாம், மூச்சுக்குழல் வறண்டதாகவும் இருக்கலாம். ஓட்டம் மட்டுமே ஆளை நோயில் தள்ளிவிடும் என்பதற்குச் சாட்சி போதாது என்பது அவர்கள் வாதம். நீமன் பக்கத்துக்காரர்கள் விடவில்லை, வழக்கு இன்னும் நடக்கிறது.

மனம் தளராதீர்கள். தூக்கமின்மை, அரைப்பட்டினி, கவலை, கூட்டம் ஆகியவை சேர்ந்தால் நோய் தொற்றும் வாய்ப்பு ஏறும் என்பதில் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை. ஓட்டத்தால் முடியாததை இந்த நான்கும் முடித்துத் தரும். நான்கும் மதுரையில் கிடைக்கும்.

5. தூங்கா நகரத்தின் பெயரைக் காப்பாற்றுங்கள்

இரவு பன்னிரண்டுக்குப் பரோட்டாக் கடையில் சால்னாவை ஊற்றிக் குழப்பி அடியுங்கள். ஒரு மணிவரை ரீல்ஸில் அடுத்தவன் வயிற்றுக் கட்டுகளை எண்ணுங்கள். நாலு மணிக்கு அலாரம். ‘நாலு மணிக்கு எழுந்தவன் வெல்வான்’ என்று ஸ்டேட்டஸ் போட மறக்காதீர்கள். எத்தனை மணிக்குப் படுத்தான் என்று யாரும் கேட்பதில்லை.

164 பேர் மூக்கில் சளி வைரஸ் சொட்டுவிட்டு, அவர்களுக்கு முந்தின வாரத் தூக்கத்தைக் கணக்கெடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைப்போல் நான்கு மடங்குக்கும் கூடுதல். மாரத்தான் வழக்கு எப்படி முடிந்தாலும் உங்களுக்கு இந்த வழி திறந்தே இருக்கிறது.

6. குடலில் குடியிருப்பவர்களைக் காலி செய்யுங்கள்

உங்கள் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாடகை தருகின்றன. நீங்கள் செரிக்க முடியாத நாரையும் மாவையும் தின்று பியூட்டிரேட் போன்ற அமிலங்களைச் செய்து கொடுக்கின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கியச் சாப்பாடு. அதே அமிலங்கள் எதிர்ப்புச் செல்களைத் தேவையில்லாமல் சண்டைக்குப் போகவிடாமல் அடக்கியும் வைக்கின்றன.

அளவான பயிற்சி இந்தக் கூட்டத்தை வளர்க்கிறது, அதுதான் நமக்குச் சிக்கல். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்தே பழகியவர்களை ஆறு வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். பியூட்டிரேட் செய்கிற பாக்டீரியாக்கள் கூடின, ஒல்லியானவர்களுக்கு நன்றாகவே கூடின. இன்னும் ஆறு வாரம் உட்காரவைத்தார்கள், பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களின் மலத்தில் வெயோனெல்லா என்ற பாக்டீரியா பெருகியிருந்ததாக 2019-இல் ஒரு செய்தி. தசை வெளியேற்றுகிற லாக்டேட்டைத் தின்று புரோப்பியோனேட்டாக மாற்றிக் கொடுப்பது அதன் தொழில். அதை எலிக்குக் கொடுத்தால் 13 சதவீதம் அதிக நேரம் ஓடியது. ஆக, இவற்றைச் சும்மா விட்டால் உங்களுக்கு உதவிசெய்து தொலைக்கும். பட்டினி போடுங்கள்.

முதலில் சோற்றை நிறுத்துங்கள். கம்பங்கூழ் வேண்டாம், கீரை வேண்டாம், பாசிப்பயறு வேண்டவே வேண்டாம். பழைய சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்காரர்கள் அந்த நீராகாரத்தைக் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராயப் புறப்பட்டார்கள், அரசும் அதற்குப் பணம் கொடுத்தது. இரவு முழுக்க நொதித்து லாக்டிக் அமிலப் பாக்டீரியா ஏறிய சோறு, அதைப்போய்ச் சின்ன வெங்காயத்தோடு தின்றுகொண்டிருந்தாள் உங்கள் அப்பத்தா. உங்களுக்கு அது ‘கார்ப்’. அதற்குப் பதில் பன்னிரண்டு முட்டை வெள்ளைக்கரு, இரண்டு கரண்டி புரோட்டீன் பவுடர். பத்து வாரம் புரோட்டீன் பவுடர் எடுத்த நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் நல்ல பாக்டீரியாக்கள் சில குறைந்ததாக ஸ்பெயின் நாட்டுச் சிறு ஆய்வு ஒன்று சொல்கிறது. அரிசியும் பயறும் பக்கத்தில் இல்லாமல் அதை மட்டும் குடித்தால் இன்னும் நல்லது.

பாக்கி இருப்பவற்றுக்கு மெடிக்கல் அண்ணன் இருக்கிறார். தும்மல் வந்தால் உடனே ஆன்டிபயாட்டிக். மூன்று வேளை போட்டுவிட்டு, சரியாகிவிட்டது என்று நிறுத்துங்கள். சளி வைரஸுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. குடலுக்கு ஆகும்.

7. சர்க்கரையைக் குறைக்க ஓடி, ஏற்றிக்கொண்டு வாருங்கள்

இது நுட்பமான படி. லேப் சீட்டோடு வந்தவர்கள் முன்வரிசைக்கு வரவும்.

2021-இல் ஸ்டாக்ஹோமில் ஆரோக்கியமான 11 பேரை வைத்துப் பார்த்தார்கள். மூச்சு முட்டுகிற இடைவெளிப் பயிற்சி முதல் வாரம் 36 நிமிடம், இரண்டாம் வாரம் 90, மூன்றாம் வாரம் 152. இரண்டாம் வாரம்வரை எல்லாம் ஏறுமுகம். மூன்றாம் வாரம் தசைக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சு ஏறத்தாழ 40 சதவீதம் விழுந்தது. சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்துப் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை முன்னைவிட அதிகம் தங்கியது. நோய்க்கு முந்தின கட்டத்தில் இருப்பவர் உடம்பு நடந்துகொள்வதுபோல அந்தப் பதினொரு பேர் உடம்பும் நடந்துகொண்டது. நான்காம் வாரம் பயிற்சியைக் குறைத்ததும் சர்க்கரை சரியானது, மைட்டோகாண்ட்ரியா முழுதாகத் தேறவில்லை. பாடம் என்ன? நான்காவது வாரத்தை அனுமதிக்காதீர்கள்.

அடுத்து, கலோரிக் கணக்கு. கைக்கடிகாரம் 900 கலோரி எரித்ததாகக் காட்டினால் அப்படியே நம்புங்கள். ஹெர்மன் பான்ட்ஸர் என்ற மானுடவியலாளர் தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹாட்ஸா மக்கள் ஒரு நாளில் எரிக்கிற சக்தியை அளந்தார். நாளெல்லாம் நடந்தும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறவர்கள், மேசை முன் அமர்ந்திருக்கிற அமெரிக்கர்கள் அளவுக்குத்தான், உடல் எடைக்கு ஏற்ப, மொத்தத்தில் செலவழித்தார்கள். உடம்பு சம்பளக்காரக் குடும்பம்: ஓட்டத்துக்கு அதிகம் எடுத்தால் மருந்துச் செலவிலும் பிள்ளைக் கணக்கிலும் குறைத்துக்கொள்ளும். எதிர்ப்புச் சக்தி, தைராய்டு, ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன், பெண்ணுக்கு மாதவிலக்கு என்று வரிசையாகக் கை வைக்கும். அளவாகக் குறைத்தால் அது உபகாரம். வீண் அழற்சி அடங்குவதுகூட அதனால்தான் என்பது அவர் வாதம். ஓட்டத்தையும் கூட்டிச் சோற்றையும் வெட்டினால் எலும்புவரை போகும். இந்தக் குறைபாட்டுக்கு 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே தனிப் பெயர் வைத்தது. தங்கச்சிமார்கள் கவனத்துக்கு: மூன்று மாதம் தீட்டு வரவில்லையென்றால் “நிம்மதி” என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள், டாக்டரிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்று எடை குறைப்புப் போட்டி நடந்தது. மணிக்கணக்கில் பயிற்சி, அரை வயிறு. போட்டியாளர்கள் 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு எடை திரும்பிவிட்டது. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கிற சக்தி மட்டும், அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றுவிட்டது. முப்பது நாளில் செய்கிற காரியம் ஆறு வருடம் நிற்கிறதென்றால் சும்மாவா?

8. காய்ச்சலை வியர்வையில் விரட்டுங்கள்

மூக்கு ஒழுகினால் ஓடுங்கள். காய்ச்சலும் மேல்வலியும் நெஞ்சில் சளியும் இருந்தால் வேகமாக ஓடுங்கள். வைரஸ் இதயத் தசையில் இறங்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

9. ஓய்வு என்ற சொல்லை மறந்துவிடுங்கள்

அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் போனால் உங்களுக்குக் கோபம் வரும். ஜல்லிக்கட்டுக் காளையை வளர்க்கிறவர்களைப் பாருங்கள். கண்மாயில் நீச்சல், ஒரு நடை, கொஞ்சம் மண்குத்து, அப்புறம் கொட்டகையில் நிழல். பருத்திக்கொட்டை, தவிடு, புண்ணாக்கு என்று நேரத்துக்குத் தீனி. அசைபோடவில்லையென்றால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, டாக்டர் வருவார். தை பிறந்தால் கால்நடை மருத்துவர் சான்று இல்லாமல் வாடிவாசலுக்குள் விட மாட்டார்கள். இவ்வளவு செல்லம் கொடுத்தால் மாடு எப்படி முறியும்? முறியாமல் பாய்கிறது.

நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். காலையில் படுக்கையிலேயே நாடியைத் தொட்டுப் பார்க்காதீர்கள். வழக்கத்தைவிட ஏறியிருந்தால் உடம்பு தேறவில்லை என்று தெரிந்துவிடும். எரிச்சல், தூக்கம் வராமை, பசி செத்துப்போவது, போன வாரம் ஓடிய தூரத்துக்கே இந்த வாரம் மூச்சு வாங்குவது, எல்லாம் வந்தால் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம் பண்ணி இரட்டிப்பாக்குங்கள்.

காவலர் தேர்வுத் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பையனுக்கு மூன்று மாதம் நிதானமாகப் பழகினால் அது மலையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆகவே மூன்று மாதத்தைக் கோட்டைவிடுங்கள். கடைசி வாரம் காலையும் மாலையும் முழு வேகத்தில் ஓடுங்கள். தேர்வுக்கு முந்தின நாள், நேரம் சரியாக வருகிறதா என்று மூன்று தடவை சோதித்துப் பாருங்கள். மூன்றாவது தடவை வந்துவிடும். மறுநாள் வராது.

கடைசியாக, என் சொந்தப் பயிற்சி அட்டவணையைச் சிலர் கேட்கிறார்கள். விடியலில் கொஞ்சம் வேக நடை, வாரத்தில் இரண்டு நாள் தண்டாலும் பஸ்கியும், வந்ததும் நீராகாரம், ராத்திரி பத்துக்குத் தூக்கம், காய்ச்சல் வந்தால் கஞ்சியும் போர்வையும். அது மாஸ்டருக்கு மட்டும். கட்டணத்தை முன்பணமாகக் கட்டிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் என்னைத் தேடாதீர்கள். எனக்கு லீவு.